மண் சுமக்க வந்த மாணவர்

வைகை பெருக்கெடுத்தபோது வீட்டிற்கோர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டதும், ஆளற்ற வந்திக் கிழவிக்காகச் சொக்கநாதரே கூலியாளாய் வந்து பிட்டுக்கு மண் சுமந்ததும் நாம் அனைவரும் அறிந்த திருவிளையாடல். அக்கதையில் நாம் பெரும்பாலும் கவனியாது விடும் செய்தி ஒன்று உண்டு. இறைவனே ஆயினும், வந்தவர் கூலி பேசிக்கொண்ட பின்னரே மண்வெட்டியைத் தொட்டார். ஊர்ப்பணி என்பது நம் முன்னோருக்கு ஒன்று கடமை, அன்றேல் கூலி. ஏரிக்கரையைச் செப்பனிடும் குடிமராமத்து கடமையின்பாற்பட்டது. அந்த ஏரியின் நீரை உண்டவனே அந்தக் கரைக்கு மண் சுமந்தான். இவ்விரண்டிலும் சேராமல், அப்பர் பெருமான் உழவாரப்படையை ஏந்தி ஊர் ஊராகச் சென்று திருமுற்றங்களைச் செதுக்கினார். ஆனால் அவரை அவ்வூர்களுக்கு அழைத்துச் சென்றது இறையன்பு.

கோயிலும் இல்லை, கூலியும் இல்லை, அரசன் ஆணையும் இல்லை. இவ்வாறிருக்க, கடல் கடந்து முன்பின் அறியாத ஊருக்குச் சென்று அங்குள்ளோருக்காக வீடும் சாலையும் கட்டித் தருதல் என்பது இருபதாம் நூற்றாண்டில் ஓர் இயக்கமாக உருவாயிற்று. அதில் பெரும்பங்கு கொண்டவர்கள் மாணவர்கள். இன்று பல நாடுகளின் கல்லூரி மாணவர்கள் விடுமுறைக் காலத்தில் இவ்வாறு வெளிநாடு செல்வதை நாம் காண்கிறோம். இதன் வரலாற்றைக் கோலார் தங்கவயலில் இருந்துகொண்டு நோக்குவதில் தனிப் பொருத்தம் இருக்கிறது. ஏனெனில், அயலார் வந்து கட்டிய ஊர் எதுவென்று கேட்டால், தென்னாட்டில் முதலில் சுட்ட வேண்டிய ஊர்களில் இதுவும் ஒன்று.

இந்த ஊர் எவ்வாறு உண்டாயிற்று என்பதைச் சுருக்கமாக நினைவு கூர்வோம். 1870களில் லாவெல் என்னும் ஐரிஷ்காரர் மைசூர் அரசிடம் உரிமை பெற்று இங்கே பொன் தேடினார். 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனியார் பொறுப்பேற்றனர். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து சுரங்கம் அறிந்தவர்கள் வந்தனர். வட ஆற்காடு, சித்தூர், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட வகுப்புகளைச் சேர்ந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பம் குடும்பமாக வந்தனர். 1902இல் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து மின்சாரம் கொணரப்பட்டது. பேத்தமங்கலத்து ஏரியிலிருந்து பாலாற்று நீர் வந்தது. தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை மனிதர் இறங்கினர். அவ்வளவும் கூலிக்காகவும் இலாபத்துக்காகவும் நடந்த வேலை. அதில் ஒளிவு மறைவு ஏதுமில்லை.

எனினும், கம்பெனிக் கணக்கில் ஏறாத கட்டட வேலையும் இங்கே நடந்தது. மூங்கில் தட்டியால் அமைந்த குடிசை வரிசைகளில் வாழ்ந்தவர்கள், சுரங்கத்திலிருந்து மேலே வந்த பின் எஞ்சிய நேரத்திலும் எஞ்சிய காசிலும் தங்களுக்கெனக் கோயில்களையும், படிப்பகங்களையும், சங்கங்களையும் எழுப்பிக்கொண்டனர். அயோத்திதாச பண்டிதரின் கருத்துகளைத் தழுவிய தொழிலாளர்கள் மாரிக்குப்பம், சாம்பியன் ரீப் பகுதிகளில் பௌத்த சங்கங்களை நிறுவினர். சித்தார்த்த புத்தகசாலை என்னும் பெயரால் தமிழ் நூல்களையும் வெளியிட்டனர். வெளியிலிருந்து ஒரு தொண்டரும் வந்து அவர்களுக்கு இதைச் செய்து தரவில்லை. அயல்நாட்டுத் தொண்டரின் வரலாற்றை ஆராயப் புகும் நாம், உள்ளூரார் தமக்குத் தாமே செய்துகொண்ட இத்தொண்டை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுதல் நலம். பின்னர் எடைபோட இதுவே நமக்குப் படிக்கல்லாகும்.

இனி, இயக்கத்தின் தொடக்கத்தைப் பார்ப்போம். ஸ்விட்ஸர்லாந்து நாட்டின் பியேர் செரெஸோல் என்பார் 1879இல் பிறந்தவர்; அந்நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த ஒருவரின் மகன்; கணிதமும் பொறியியலும் கற்றவர். முதல் உலகப் போரின்போது, போருக்குரிய வரியைச் செலுத்த மறுத்துச் சிறை சென்றார். போரை வேண்டாம் என்று சொல்வதோடு அமையாமல், போர் செய்யும் படை காட்டும் ஒழுங்கும் உறுதியும் கொண்ட வேறொரு படை வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்தப் படையின் ஆயுதம் மண்வெட்டியும் தள்ளுவண்டியும் ஆகும். பேச்சைக் குறைத்துச் செயலைப் பெருக்குவதே அதன் கொள்கை.

1920ஆம் ஆண்டு நவம்பரில், வெர்டன் போர்க்களத்தின் அருகே, குண்டுகளால் தரைமட்டமாகிக் கிடந்த எஸ்ன் என்னும் பிரெஞ்சுக் கிராமத்தில் அவர் முதல் முகாமை அமைத்தார். ஸ்விஸ்காரர், ஆங்கிலேயர், டச்சுக்காரர் முதலியோருடன் ஜெர்மானியரும் அதில் இருந்தனர். நேற்று வரை அம்மண்ணில் குண்டு பொழிந்த நாட்டின் இளைஞர்கள், இன்று குண்டு விழுந்த பள்ளங்களைத் தூர்த்தனர். தற்காலிக வீடுகளைக் கட்டினர். பாதையைச் சீர் செய்தனர். குளிர்காலம் முழுவதும் வேலை நடந்தது. ஆனால் 1921 வசந்தத்தில் முகாம் கலைந்தது. ஜெர்மானியர் வேண்டாம் என்று உள்ளூர் ஆட்சியாளர் கூறியதே காரணம். ஜெர்மானியரை விலக்கிவிட்டு வேலையைத் தொடரலாம் என்னும் யோசனையைத் தொண்டர்கள் ஏற்கவில்லை, எல்லோருமாகவே புறப்பட்டனர்.

இந்த முடிவைத் தோல்வி என்று சிலர் கருதக்கூடும். ஆயினும் பிற்கால முகாம்கள் அனைத்துக்கும் அடிப்படையான வினா ஒன்று அன்றே எழுந்துவிட்டது என்பதை நாம் உணர வேண்டும். முகாம் யாருக்காக நடக்கிறது? வீடிழந்தவனுக்காகவா, சமாதானத்தைக் கற்றுக்கொள்ள வந்த இளைஞனுக்காகவா? எஸ்ன் கிராமத்தில் இவ்விரு நோக்கங்களும் மோதிக்கொண்டபோது, தொண்டர்கள் இரண்டாவதைக் கைவிட மனமில்லாமல் முதலாவதை விட்டுச் சென்றனர். அவர்கள் செயலைக் குறை கூறுவது எளிதன்று. அதே வேளையில், பாதி எழும்பிய சுவரோடு நின்ற கிராமத்தான் மனநிலையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1927இல் ரைன் நதி கரையுடைத்து லீக்டன்ஸ்டைன் என்னும் சிறு நாட்டின் வயல்களைக் கல்லாலும் மணலாலும் மூடியது. அடுத்த ஆண்டு அங்கே நடந்த முகாமில் 22 நாடுகளைச் சேர்ந்த எழுநூறுக்கும் மேற்பட்ட தொண்டர்கள் முறைவைத்து உழைத்தனர். பல்கலைக்கழக மாணவர்கள் திரளாக வந்தது இம்முகாமின் சிறப்பு. கோடை விடுமுறையில் புத்தகத்தை மூடிவைத்து மண்வெட்டியை எடுக்கும் வழக்கம் ஐரோப்பாவில் வேர்விட்டது இங்கேதான் எனலாம். இயற்கைச் சீற்றத்தால் வந்த துன்பமாதலால் பகைமைப் பேச்சுக்கும் இடமில்லை. செய்ய வேண்டிய வேலையும் கண்முன் குவிந்து கிடந்தது.

அடுத்து நாம் காணப்போகும் ஊர், தங்கவயல்வாசிகள் சற்றே நின்று நோக்க வேண்டிய ஊர். தெற்கு வேல்ஸில் பிரின்மௌர் என்பது நிலக்கரியையும் இரும்பையும் நம்பி வாழ்ந்த சிறு நகரம். 1920களில் சுரங்கங்கள் மூடப்பட்டன. உழைக்கும் வயதினரில் பெரும்பாலோர் வேலையிழந்தனர். 1928இன் இறுதியில் க்வேக்கர் சமயப் பிரிவினர் நிவாரணப் பணிக்காக அங்கு வந்தனர். அவர்களுள் பீட்டர் ஸ்காட் என்பவர், கஞ்சி ஊற்றுவதோடு நில்லாமல், காலணி செய்தல், மரச்சாமான் செய்தல் ஆகிய தொழில்களை ஏற்படுத்த முயன்றார். 1931, 1932 கோடைக்காலங்களில் சர்வதேசத் தொண்டு இயக்கத்தைச் சேர்ந்த மாணவர்கள் பிரிட்டனிலிருந்தும் ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் அந்நகருக்கு வந்தனர். கழிவு குவிந்து பாழாய்க் கிடந்த நிலத்தைத் திருத்தி, நகரத்தாருக்கு நீச்சல் குளமும் பூங்காவும் அமைப்பது அவர்கள் ஏற்ற பணி. வேலையற்ற சுரங்கத் தொழிலாளர் சிலரும் அவர்களோடு சேர்ந்து உழைத்தனர்.

சிலர்தாம் சேர்ந்தனர் என்பதைக் கவனிக்க வேண்டும். ஊரில் எதிர்ப்பும் பலமாக இருந்தது. பூங்கா அமைப்பது நகராட்சியின் வேலை. அதற்குக் கூலி கொடுத்து ஆள் வைக்க வேண்டும். வேலையில்லாமல் நாங்கள் தெருவில் நிற்கையில், கல்லூரி மாணவர் வந்து அதே வேலையை இலவசமாகச் செய்வது எங்கள் வயிற்றில் அடிப்பதாகாதா? இதுவே தொழிற்சங்கப் பற்றுடையோர் எழுப்பிய ஆட்சேபம். பல தலைமுறைகளாகப் போராடிப் பெற்ற கூலி என்னும் உரிமையை, அன்பின் பெயரால் வருபவர் அறியாமலே தளர்த்திவிடக்கூடும் என்று அவர்கள் அஞ்சினர். இந்த அச்சம் தங்கவயல் தொழிலாளருக்கு விளங்காத ஒன்றன்று. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து இங்கே ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தபோதும், தம் உழைப்பின் மதிப்பைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும் என்னும் உணர்வே அவர்களை இயக்கியது.

பிரின்மௌரில் நீச்சல் குளம் கட்டி முடிக்கப்பட்டது. குழந்தைகள் அதில் விளையாடினர். மரச்சாமான் தொழிற்சாலை நல்ல பெயர் பெற்று, போர்க்கால நெருக்கடியில் 1940இல் மூடப்பட்டது. மாணவர்கள் தம் ஊர்களுக்குத் திரும்பி, வேலையின்மை என்பது சோம்பேறிகளின் நோய் என்று எண்ணிக்கொண்டிருந்த தம் உறவினருக்குத் தாம் கண்டதைக் கூறினர். நகரம் பெற்றது ஒரு குளமும் பூங்காவும். மாணவர் பெற்றது பெருங்கல்வி. தொழிற்சங்கத்தார் கேட்ட கேள்விக்கோ குளம் விடையாகவில்லை.

இவ்வியக்கம் இந்தியாவிற்கு வந்த வரலாறு பீஹார் பூகம்பத்தோடு தொடங்குகிறது. 1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பிற்பகல் நிலம் நடுங்கியது. பீஹாரில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நேபாளத்திலும் பேரழிவு நேர்ந்தது. நிலம் பிளந்து பீறிட்ட நீர் வயல்களின்மீது மணலைப் பரப்பியது, கிணறுகள் தூர்ந்தன, நீரோட்டமே மாறி, மேடாக இருந்த கிராமங்கள் வெள்ளத்துக்கு இலக்காயின. சிறையிலிருந்து வெளிவந்த பாபு ராஜேந்திர பிரசாத் நிவாரணக் குழுவின் தலைமையை ஏற்றார். 1931 டிசம்பரில் காந்தியடிகள் ஸ்விட்ஸர்லாந்து சென்றபோதே அவரைச் சந்தித்திருந்த செரெஸோல், செய்தி அறிந்து 1934இல் இந்தியாவுக்குப் புறப்பட்டு வந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்தை நெருங்கியிருந்தது.

வந்து பார்த்ததும் அவருக்குப் புலனான முதல் உண்மை, இந்தியாவில் கைகளுக்குப் பஞ்சமில்லை என்பதே. மண் சுமக்கத் தெரிந்தோர் இலட்சக்கணக்கில் இருந்த நாட்டுக்கு, வெயில் தாங்காத ஐரோப்பிய மாணவரைக் கப்பல் கப்பலாக அழைத்து வருவதில் பொருளில்லை. ஆகவே லீக்டன்ஸ்டைன் முறையை அவர் இங்கே கையாளவில்லை. ஜோ வில்கின்ஸன், பிரேஸர் ஹாய்லண்ட் என்னும் ஆங்கிலேயர்களும், பால் ஷெங்கர் என்னும் ஸ்விஸ்காரருமாகச் சிலரே வந்தனர். 1937 வரை, விரல்விட்டு எண்ணத்தக்க தொண்டர்களே முறைமாறி முஸாபர்பூர் மாவட்டத்தில் உழைத்தனர். வெள்ளம் சூழும் கிராமங்களை மேட்டு நிலத்துக்கு மாற்றிப் புதிய வீடுகள் அமைப்பதே திட்டம். சாந்திபூர் என்று பெயரிடப்பட்ட புதுக் கிராமம் அவ்வாறு எழுந்தது.

அக்காலத்தில் பிரிட்டிஷ் அரசாங்கமும் காங்கிரஸும் ஒன்றையொன்று ஐயுற்று நின்றன. செரெஸோல் இருசாராரிடமும் சென்றார். இருசாரார் உதவியையும் ஒரே வேலைக்குப் பயன்படுத்த முயன்றார். அயலான் ஒருவனால்தான் ஆகக்கூடிய காரியம் அது. மற்றொரு காரியமும் உண்டு. படித்தவன் மண்கூடையைத் தொடுவது இழிவு என்று கருதப்பட்ட சமுதாயத்தில், கடல் கடந்து வந்த பொறியியல் வல்லுநர் ஒருவர் கிராமத்தாரோடு சேர்ந்து கூடை சுமந்தார். பீஹாரில் ஐரோப்பியத் தொண்டர்களின் தோள்கள் சுமந்த மண் அளவில் சிறிது; ஆயினும் அவர்கள் கொணர்ந்தவற்றுள் திட்டமும், கணக்கும், பொருளுதவியும், முன்மாதிரியும் இருந்தன. பீஹாரில் அவர்கள் விட்டுச்சென்ற கிராமத்தில் மக்கள் குடியேறி வாழ்ந்தனர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவ்வியக்கம் உலகெங்கும் பரவிற்று. 1948இல் யுனெஸ்கோவின் ஆதரவில் இத்தகைய ஸ்தாபனங்களுக்கான ஒருங்கிணைப்புக் குழு பாரிஸில் ஏற்பட்டது. 1961 முதல் 1976 வரை அமெரிக்காவின் அமைதிப் படையைச் சேர்ந்த இளைஞர்கள் இந்தியக் கிராமங்களில் பணியாற்றினர். இலங்கையில் 1958இல், கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியராயிருந்த ஆரியரத்ன தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு கனத்தோலுவ என்னும் பின்தங்கிய கிராமத்துக்குச் சென்று முகாம் நடத்தினார். அம்மாணவர்கள் நாடு விட்டு நாடு செல்லவில்லை. ஆனால் தலைநகரத்துக் கல்லூரிக்கும் ஒதுக்கப்பட்ட அக்கிராமத்துக்கும் இடையே இருந்த தொலைவு கடலினும் குறைந்ததன்று. அங்கிருந்தே சர்வோதய சிரமதான இயக்கம் வளர்ந்தது. நம் நாட்டில் காந்தி நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24ஆம் நாள் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது.

அயல்நாட்டு இளைஞர் உள்ளூராருடன் சேர்ந்து உழைத்தமைக்குத் தங்கவயலிலும் ஒரு சான்று உண்டு. அது கட்டட வேலை அன்று, அறிவியல் வேலை. 1960களில் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தாரும், ஜப்பானின் ஒஸாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் கூடி, சாம்பியன் ரீப் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை அமைத்தனர். வான்வெளியிலிருந்து வந்து காற்று மண்டலத்தில் மோதும் கதிர்களால் உண்டாகும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் அடையாளத்தை 1965இல் அங்கே கண்டனர். அந்த ஆழத்தில் பாறையின் குணத்தையும், வெப்பத்தின் கொடுமையையும், கூண்டில் ஏறி இறங்கும் முறையையும் அறிந்தவர் சுரங்கத் தொழிலாளர். வந்தவருக்கு உள்ளூரார் வழிகாட்டினர். விருந்தினர் மாணவராகவும் ஊரார் ஆசிரியராகவும் அமையும் இந்த முறை, தொண்டு முகாம்களுக்கும் பொருந்தும்.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. 120 ஆண்டுகளில் ஏறக்குறைய 800 டன் பொன்னை ஈந்த ஊர், இப்போது விடியுமுன் ரயிலேறி நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் மக்களின் ஊராயிற்று. பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய துகள்மண் குன்று குன்றாய்க் குவிந்து கிடக்கிறது; அதை நாம் சயனைடு மேடு என்கிறோம். காற்றடிக்கும் மாதங்களில் அதன் தூசி வீடுகளுக்குள் புகுகிறது. பிரின்மௌருக்கும் நமக்கும் உள்ள ஒற்றுமை இப்போது தெளிவாகியிருக்கும். அங்கே கழிவு மேட்டைப் பூங்காவாக்க மாணவர் வந்தனர். அவ்வாறு ஒரு மாணவர் குழு நாளை இங்கு வந்து இறங்குமாயின் நாம் என்ன சொல்வோம்?

இவ்வினா கற்பனையன்று. அயல்நாட்டு மாணவர்கள் தாமே கட்டணம் செலுத்தி, இரண்டு வாரமோ மூன்று வாரமோ ஏழை நாடுகளில் தங்கி, பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசியும் கழிப்பறை கட்டியும் திரும்பும் வழக்கம் இன்று பெரியதொரு வியாபாரமாகவே வளர்ந்துள்ளது. அவர்களின் விமானச் செலவைக்கொண்டு உள்ளூர்க் கொத்தனார் பலருக்கு வேலை கொடுத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் இருக்கின்றனர். இக்கேள்வி 1931இல் வேல்ஸ் தொழிலாளர் கேட்டதன் மறுபதிப்பேயாகும். கரணை பிடித்தறியாத கை எழுப்பும் சுவரைப் பின்னர் இடித்துக் கட்ட நேரிடும் என்பதும் கொத்து வேலை அறிந்தவர்கள் அறிந்ததே.

எனவே, சென்ற நூறாண்டு வரலாற்றிலிருந்து நாம் சில அளவுகோல்களைப் பெறலாம். உள்ளூரில் கூலிக்குச் செய்ய ஆளிருக்கும் வேலையைத் தொண்டர் மேற்கொள்ளலாகாது. மேற்கொள்வராயின், உள்ளூராருக்குக் கூலி கிடைக்கும் வழியையும் உடன் காட்டுதல் வேண்டும். வேலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஊராருடையது. வந்தவர் திரும்பிய பின் அந்த வேலையைப் பேணுவதற்கு ஊரில் ஆளும் பொருளும் உண்டா என்பதை அடிக்கல் நாட்டுமுன் கேட்க வேண்டும். சயனைடு மேட்டைப் பொறுத்தமட்டில், ஆர்வம் மட்டும் கொண்டவர் அங்கே கை வைப்பது ஆபத்து. மண்ணின் நஞ்சை ஆராயத் தெரிந்தவரும், அம்மண்ணில் எச்செடி வேர்கொள்ளும் என்று அறிந்தவரும் முதலில் தேவை. அத்தகைய அறிவைக் கற்கும் மாணவர் எந்நாட்டிலிருந்து வரினும், அவரை வரவேற்க நமக்குக் காரணம் உண்டு.

அவர்கள் வரும்போது நாம் வெறுங்கையராய் நிற்கவில்லை என்பதையும் நினைவூட்ட வேண்டும். தட்டி வீட்டில் வாழ்ந்துகொண்டே படிப்பகம் எழுப்பியவர்களின் பேரர்கள் இவ்வூரில் இருக்கின்றனர். பூமிக்கடியில் கல்லையும் மரத்தையும் கொண்டு கூரையைத் தாங்கி நிறுத்தும் வித்தையை அறிந்த முதியோர் இன்னும் இருக்கின்றனர். பீஹாரில் செரெஸோல் செய்ததுபோல, வருபவர் சிலராக வரட்டும், நெடுநாள் தங்கட்டும், தமிழும் கன்னடமும் சிறிது கற்கட்டும், முதல் வாரத்தில் மண்வெட்டியைத் தொடாமல் இம்முதியோர் பக்கத்தில் அமர்ந்து கேட்கட்டும். வேலை தொடங்கும் நாளில், கூலி யாருக்கு எவ்வளவு என்பதையும் வெளிப்படையாகப் பேசி முடிவு செய்துகொள்ளலாம். சொக்கநாதரே பேசிக்கொண்ட விஷயம் அது. நாமும் அதைப் பேசக் கூசவேண்டியதில்லை.